மண்ணுக்குச் சுண்ணாம்பு

வெற்றிலை போடுகிறவர்களுக்குச் சுண்ணாம்பின் அளவைப் பற்றி நாம் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. குறைந்தால் வாய் சிவப்பதில்லை; மிகுந்தால் நாக்கு வெந்துபோகிறது. விரல் நுனியால் தொட்டுத் தடவும்போதே அளவு தானாக வந்துவிடுகிறது. ஆனால் அதே சுண்ணாம்பைச் செடிக்குப் போடும்போது மட்டும் இந்த அளவுணர்ச்சி எங்கேயோ ஒளிந்துகொள்கிறது. பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்த பிறகு வாளியின் அடியில் மிஞ்சும் சுண்ணாம்பு, பெரும்பாலும் கொல்லையிலுள்ள மல்லிகைக் கொடியின் அடியிலோ, மாடியிலுள்ள ரோஜாத் தொட்டியிலோதான் போய்ச் சேருகிறது. "சுண்ணாம்பும் ஒரு உரந்தானே? வீணாக்குவானேன்?" என்பது அதற்குச் சமாதானம்.

சில வாரங்கள் சென்றபின் இளந்தளிர்கள் மஞ்சளாக வெளிவருகின்றன. இலை நரம்பு மட்டும் பச்சையாகவும், நரம்புகளுக்கு இடைப்பட்ட பாகம் வெளிறியும் இருக்கும். வீட்டார் பூச்சியென்று எண்ணி மருந்து தெளிக்கிறார்கள். போஷாக்கு போதவில்லையென்று எண்ணி மேலும் உரம் வைக்கிறார்கள். செடி தேறுவதில்லை. இவ்விதம் மாண்டுபோன மல்லிகைகளும் ரோஜாக்களும் நம் ஊர்களில் எத்தனையோ!

ஆகையால் இவ்வாரம் இப்பகுதியில் சுண்ணாம்பைப் பற்றியே சொல்ல விரும்புகிறோம். முடிவை முதலிலேயே கூறிவிடுகிறோம்: சுண்ணாம்பு மண்ணுக்கு உணவன்று, மருந்து. நோயுள்ள மண்ணுக்கு அது அமிர்தம். நோயில்லாத மண்ணுக்கு அதுவே நோய்.

மண்ணுக்கு வரும் அந்த நோய் யாது? புளிப்பு, அதாவது அமிலத் தன்மை. இதை அளப்பதற்கு ரஸாயன சாஸ்திரிகள் 'பி.எச்.' என்னும் ஓர் அளவுகோலைக் கையாளுகிறார்கள். டென்மார்க் தேசத்தில் கார்ல்ஸ்பெர்க் ஆராய்ச்சிசாலையில் வேலை பார்த்த ஸோரன்ஸன் என்னும் ரஸாயனப் புலவர் 1909-ஆம் ஆண்டில் இதை வகுத்தார். சாதாரணமாக 0 முதல் 14 வரை எண்ணப்படும் இக்கோலில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு மிகும். மேலே ஏற ஏறக் காரம் மிகும். இந்தக் கோலில் ஒரு படி என்பது சாமானியமானதன்று, பத்து மடங்கு. 6-லிருந்து 5-க்கு இறங்கிய மண் பத்து மடங்கு புளித்துவிட்டது. 7-லிருந்து 5-க்கு இறங்கியதோ நூறு மடங்கு புளித்துவிட்டது. நம் காய்கறிச் செடிகளில் மிகுதியானவை 6-க்கும் 7-க்கும் இடையிலேயே சௌக்கியமாக வளர்கின்றன.

இது ஏதோ ஆராய்ச்சிசாலைக்கு மட்டுமே உரிய விஷயம் என்று நேயர்கள் மலைக்க வேண்டாம். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்ததும் அது சிவந்துபோவதை யார்தான் பார்த்ததில்லை? சுண்ணாம்பின் காரத்தினால் மஞ்சள் நிறம் மாறுகிறது. நீலச் சங்குப்பூவைக் கொதிநீரில் ஊறவைத்து, ஒரு கிண்ணத்தில் எலுமிச்சம்பழச் சாற்றையும் மற்றொன்றில் சுண்ணாம்புத் தெளிவையும் விட்டுப் பாருங்கள். முதற் கிண்ணம் ஊதாவும் சிவப்புமாக மாறும். இரண்டாவது பச்சை பாயும். புளிப்பும் காரமும் கண்ணெதிரே தெரிந்துவிடும். பள்ளியில் படிக்கும் குழந்தைகளுக்கு இது நல்ல விளையாட்டு. சுண்ணாம்புக் கிண்ணத்தை மட்டும் பெரியவர்கள் கையாளட்டும்.

மண் ஏன் புளிக்கிறது? முதற் காரணம் மழை. ஓயாமல் மழை பெய்யும் பிரதேசங்களில் மண்ணிலுள்ள சுண்ணச் சத்தும் மக்னீசியச் சத்தும் நீரில் கரைந்து ஆழத்துக்குப் போய்விடுகின்றன. அவை இருந்த இடத்தைப் புளிப்பு பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது காரணம் அறுவடை. ஒவ்வொரு விளைச்சலுடனும் இந்தச் சத்துக்கள் வயலை விட்டு வெளியேறுகின்றன. மூன்றாவது காரணம் நாமே இடும் ரஸாயன உரங்கள். நூறு கிலோ அம்மோனியம் ஸல்பேட் உண்டாக்கும் புளிப்பைப் போக்க ஏறக்குறைய 110 கிலோ சுண்ணாம்புக் கல் தூள் வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதற்குக் கண்கூடான சாட்சி இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னும் ஊரில் இருக்கிறது. அங்குள்ள புல்வெளி ஒன்றைப் பல பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு உரமிட்டு, 1856-ஆம் ஆண்டு முதல் பரீட்சை செய்து வருகிறார்கள். ஆண்டுதோறும் அம்மோனியம் ஸல்பேட் பெற்ற பாத்திகளில் மண் கடுமையாகப் புளித்தது; பலவகைப் பூண்டுகள் மறைந்தன; காய்ந்த புல் மக்கிப்போகாமல் மெத்தைபோல் படிந்தது. 1903 முதல் பாத்திகளில் ஒரு பகுதிக்குச் சுண்ணாம்பு இட்டுப் பார்த்தார்கள். ஒரே உரம் பெறும் ஒரே பாத்தியில், சுண்ணாம்பு பெற்ற பாகமும் பெறாத பாகமும் இரண்டு வேறு நிலங்கள்போல் பிரிந்து நின்றன.

புளித்த மண்ணில் செடிக்கு நேரும் கஷ்டங்கள் பல. மணிச்சத்து மண்ணிலே இருந்தும், இரும்பும் அலுமினியமும் அதை இறுகப் பிடித்துக்கொள்வதால், வேருக்கு எட்டுவதில்லை. அலுமினியம் கரைந்து வெளிப்பட்டு வேர்நுனியைக் கருக்குகிறது. அவரை, பட்டாணி முதலியவற்றின் வேர்முடிச்சுகளிலிருந்து தழைச்சத்தைச் சேமித்துத் தரும் நுண்ணுயிர்கள் சோர்ந்துபோகின்றன. மண்புழுக்கள் குறைகின்றன. இந்நிலையில் எவ்வளவு உரம் கொட்டினாலும், பூட்டிய அறைக்குள் பண்டத்தைக் குவிப்பது போலத்தான். அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி சுண்ணாம்பு. அது புளிப்பைப் போக்கி, போன சுண்ணச் சத்தைத் திருப்பித் தந்து, மண்ணில் ஏற்கெனவே உள்ள உணவைச் செடிக்கு எட்டும்படி செய்கிறது.

இனி, சாவி யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பிரதேசங்களிலும், கன்னியாகுமரி மாவட்டத்தின் சரளை மண்ணிலும் புளிப்பு உண்டு. நீலகிரியில் பி.எச். 5-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ நிற்கும் தோட்டங்கள் பல. கோசு, காரட், பீட்ரூட் பயிரிடும் அங்குள்ள குடியானவர்கள் நடவுக்கு முன் சுண்ணாம்போ டாலமைட்டோ இடுவது வெறும் சம்பிரதாயம் அன்று; அதை விட்டால் விளைச்சலே அவர்களைக் கைவிட்டுவிடும். கோசின் வேர் முண்டு முண்டாக வீங்கி அழுகும் நோயும் புளித்த மண்ணிலேதான் தலைவிரித்தாடுகிறது. சுண்ணாம்பு அதை அடக்குகிறது.

நம் அண்டை நாடாகிய கேரளத்தின் குட்டநாட்டில் நிலைமை இன்னும் கடுமை. கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த அந்த நெல்வயல்களின் அடிமண்ணில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த பொருள் புதைந்து கிடக்கிறது. நீர் வடிந்து காற்றுப் பட்டதும் அது கந்தகத் திராவகமாக மாறுகிறது. வேம்பநாட்டுக் காயலில் அள்ளிய கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை வயலில் தூவித்தான் அங்கே நெல்லைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

ஆனால் மலையை விட்டுச் சமவெளிக்கு வந்தால் கதை நேர்மாறாகிறது. கோயம்புத்தூர்க் கரிசலைத் தோண்டினால் சுக்கான் கற்கள் அகப்படுகின்றன, அவை சுண்ணாம்பே. உள்நாட்டு மாவட்டங்கள் பலவற்றில் மண்ணின் பி.எச். 7.5, 8 என்று காரத்தின் பக்கமே நிற்கிறது. போதாக்குறைக்கு, நாம் ஊற்றும் ஆழ்குழாய்க் கிணற்று நீரும் பெரும்பாலும் கடின நீர். தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதில் பெரும்பங்கு அந்நீர் விட்டுச் சென்ற சுண்ணாம்பு. நாள்தோறும் தண்ணீரோடு சுண்ணாம்பு பெறும் செடிக்கு வாளிச் சுண்ணாம்பையும் ஊட்டுவது, சாப்பிட்டு எழுந்தவனை மறுபடி இலையில் உட்கார வைப்பதற்கு ஒப்பாகும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆங்கிலத் தோட்டக்கலை நூல்கள் பலவற்றில், குளிர்காலத்தில் காய்கறிப் பாத்திக்குச் சுண்ணாம்பு தூவும்படி எழுதியிருக்கும். அந்நூலாசிரியர்கள் பொய் சொல்லவில்லை. மழை மிகுந்த அவர்கள் நாட்டில் பல இடங்களில் மண் புளிப்பாக இருப்பதால் தங்கள் மண்ணுக்கு ஏற்றதை அவர்கள் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு மதுரையிலும் திருச்சியிலும் சுண்ணாம்பு தூவுவது நம் பிழையேயன்றி அவர்கள் பிழையன்று. புத்தகத்தைக் கேட்பதற்கு முன் மண்ணைக் கேட்க வேண்டும்.

மண்ணைக் கேட்பது எப்படி? எளிய பரீட்சை ஒன்று: காய்ந்த மண்ணில் ஒரு கரண்டி எடுத்து அதன்மேல் வினிகரையோ எலுமிச்சம்பழச் சாற்றையோ விடுங்கள். நுரைத்துப் பொங்கினால், அம்மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே நிரம்ப இருக்கிறது. விஷயம் அத்துடன் தீர்ந்தது. பொங்காவிட்டால் மண் புளிப்பென்று உடனே தீர்மானித்துவிடக் கூடாது, நடுநிலையாகவும் இருக்கலாம். அப்போது மண் பரிசோதனை நிலையத்தை நாட வேண்டும். பாத்தியில் ஐந்தாறு இடங்களில் 'வி' வடிவமாக 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அனுப்பினால் போதும். ஜாதகம் பார்ப்பதற்குச் செலவிடும் சிரத்தையில் பாதியை இதற்குச் செலவிட்டால் தோட்டம் பிழைக்கும்.

புளிப்பு நிச்சயமானால், எந்தச் சுண்ணாம்பை இடுவது என்ற கேள்வி எழுகிறது. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் இட்டுச் சுட்டால் கிடைப்பது சுட்ட சுண்ணாம்பு. அதில் நீர் விட்டால் கொதித்துப் பொடிந்து நீற்றிய சுண்ணாம்பாகிறது. இம்மூன்றும் ஒரே குடும்பமாயினும் வேகம் வேறு. 100 பங்கு சுண்ணாம்புக் கல் செய்யும் வேலையை 74 பங்கு நீற்றிய சுண்ணாம்போ, 56 பங்கு சுட்ட சுண்ணாம்போ செய்துவிடும். வேகம் மிகுந்தது ஆபத்தும் மிகுந்தது. சுட்ட சுண்ணாம்பை வீட்டுத் தோட்டத்தில் தொடவே வேண்டாம். அதன் தூளும், நீற்றிய சுண்ணாம்பும் கண்ணில் பட்டால் பார்வையையே பறித்துவிடக் கூடும். வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பியை அழுத்தி விளையாடியே குழந்தைகள் கண்ணை இழந்ததுண்டு. இதைத் தாய்மார்கள் மறக்கலாகாது. தவறிப் பட்டுவிட்டால், தாமதமின்றிச் சுத்தமான நீரால் நெடுநேரம் கழுவிக்கொண்டே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

வீட்டுத் தோட்டத்துக்குச் சிறந்தது நைஸாக அரைத்த சுண்ணாம்புக் கல் தூள். அல்லது மக்னீசியமும் கலந்த டாலமைட் தூள். இவை மெதுவாக வேலை செய்பவை. பலன் தெரிய ஒன்றிரண்டு மாதங்கள் ஆகும். அதனால்தான் இவற்றை நம்பலாம். முட்டையோடும் இதே இனந்தான். ஆனால் மாவாக இடித்தாலன்றி அது மண்ணில் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். அடுப்புச் சாம்பலும் புளிப்பைப் போக்கும். கூடவே சாம்பல்சத்தும் தரும். ஆகவே சாம்பலையும் சுண்ணாம்பையும் சேர்த்து இட்டால் மருந்து இரட்டிப்பாகிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஜிப்சத்தைச் சிலர் சுண்ணாம்பின் தம்பியாகக் கருதுகிறார்கள். அது தவறு. ஜிப்சம் சுண்ணச் சத்தைத் தரும், புளிப்பைப் போக்காது. களர் நிலத்தைத் திருத்தவும், நிலக்கடலைக்குக் காய் திரளவும் அது உதவும். களர் நிலத்தில் சுண்ணாம்பு இடுவதோ எரிகிற வீட்டில் எண்ணெய் வார்ப்பது போலாகும்.

அளவைச் சொல்கிறோம். பி.எச். சுமார் ஒரு படி உயர வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு மணற்பாங்கான மண்ணில் 150 கிராம், நடுத்தரமான மண்ணில் 250 கிராம், களிமண்ணில் 400 கிராம் அளவில் சுண்ணாம்புக் கல் தூள் வேண்டியிருக்கும். களிமண் ஏன் அதிகம் கேட்கிறதென்றால், அது புளிப்பைத் தன்னுள் நிறையச் சேமித்து வைத்திருக்கிறது. இது உத்தேசக் கணக்கே. பரிசோதனை நிலையத்தார் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். நடவுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னதாகத் தூவி, ஒரு சாண் ஆழம் கொத்திக் கலந்துவிட வேண்டும். மேலே தூவி விட்டுவிட்டால் மேல்மண்ணோடு நின்றுவிடும். தேவை மிகுதியானால் இரண்டு தவணையாக இடுவது உத்தமம். போட்டதைக் கூட்டலாம், போட்டதை எடுக்க முடியாது.

தொட்டிக்கு இன்னும் நிதானம் வேண்டும். நிலத்திலுள்ள செடி வேரை வேறு பக்கம் திருப்பித் தப்பித்துக்கொள்ளும்; தொட்டிச் செடிக்குப் போக்கிடம் ஏது? மேற்சொன்ன கணக்கை வகுத்தால், புளித்த மண் லிட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் தூளே வருகிறது. பத்து லிட்டர் தொட்டிக்கு 10 முதல் 20 கிராம். தேக்கரண்டியால் இரண்டு முதல் நான்கு. இப்போது பொங்கல் வாளியை நினைத்துப் பாருங்கள். உலர்ந்த எடையில் 50 கிராம் நீற்றிய சுண்ணாம்பு ஒரு தொட்டியில் விழுந்தால், அது சுமார் 68 கிராம் கல் தூளுக்குச் சமம். புளித்த மண்ணுக்கே மூன்று மடங்குக்கு மேற்பட்ட அளவு. அதுவும் பி.எச். 12-க்கு மேற்பட்ட கொடுங்காரமாக நேரே வேரில் இறங்குகிறது. செம்மண்ணும் மணலும் தொழு உரமும் கலந்த நம் வழக்கமான தொட்டிக் கலவைக்குச் சமவெளியில் சுண்ணாம்பே தேவையில்லை. தென்னை நார்க்கழிவும் பெரும்பாலும் அதிகப் புளிப்புள்ளதன்று. வெளிநாட்டிலிருந்து வரும் 'பீட்' என்னும் சதுப்புநிலப் பாசிக் கலவை மட்டும் உண்மையில் புளிப்பானது. அதற்கு லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் டாலமைட் கலப்பது வழக்கம். கடையில் வாங்கும் கலவையில் அதை முன்பே கலந்திருப்பார்கள். பையின் மேலுள்ள எழுத்தைப் படித்துக்கொள்க.

இன்னொரு எச்சரிக்கை. சுண்ணாம்பையும் பச்சைச் சாணத்தையும், அல்லது அம்மோனியா உரத்தையும், ஒரே நாளில் இடாதீர்கள். மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி கிளம்பும். செடிக்குச் சேர வேண்டிய தழைச்சத்து காற்றோடு போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். இரண்டுக்கும் இடையே மூன்று நான்கு வாரமாவது விட்டுவைக்க வேண்டும்.

புளிப்பையே விரும்பும் செடிகளும் உண்டு. தேயிலை 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் செழிக்கும். மண் அதற்கும் கீழே புளித்துப்போனால்தான் அதற்கு டாலமைட் இடுவார்கள். உருளைக்கிழங்குக்குச் சற்றுப் புளிப்பு இருப்பதே நல்லது. சுண்ணாம்பு மிகுந்தால் கிழங்கில் சொறி நோய் காணும். இட்லிப்பூ என்னும் வெட்சி, சுண்ணாம்புச் சுவரோரத்தில் நட்டாலே மஞ்சளித்துவிடும். ஹைட்ராஞ்சியாவோ தன் நிறத்தாலேயே மண்ணின் செய்தியைச் சொல்லிவிடும்: புளித்த மண்ணில் அலுமினியம் கிடைப்பதால் நீலமாகப் பூக்கும், சுண்ணாம்பு இட்ட மண்ணில் இளஞ்சிவப்பாகப் பூக்கும். ஒரே தோட்டத்தில் தேயிலையும் காய்கறியும் வைத்திருப்போர், காய்கறிப் பாத்தியோடு கையை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சுண்ணாம்பு மிகுந்து தளிர் மஞ்சளித்துவிட்டால் என்ன செய்வது? மஞ்சளிப்பதற்குக் காரணம் இரும்புப் பஞ்சம். மண்ணில் இரும்பு இருக்கிறது. காரத்தினால் அது கரைவதில்லை. லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, சில துளி எலுமிச்சம்பழச் சாறும் விட்டு, மாலை நேரத்தில் இலைகளின்மேல் தெளித்தால் புதுத் தளிர் பச்சையாக வரும். குணம் காணும் வரை மாதம் ஒரு முறை தெளிக்கலாம். தொட்டியானால் மண்ணை மாற்றிவிடுவதே சுலபம். நிலத்தில் கந்தகத் தூளும் மக்கிய எருவும் இட்டுப் பொறுமையாகத் திருத்த வேண்டும். மழைக்காலத்தில் கூரை நீரைப் பிடித்து வைத்து ஊற்றினால் அதைவிடச் சிறந்த வைத்தியம் இல்லை. அதற்குக் காசும் இல்லை.

ஐரோப்பியக் குடியானவர்களிடையே ஒரு பழமொழி உண்டு: சுண்ணாம்பு தந்தையைப் பணக்காரனாக்கும், பிள்ளையை ஏழையாக்கும். அதன் கருத்து ஆழமானது. சுண்ணாம்பு இட்டதும் மண்ணில் பூட்டிக் கிடந்த சத்தெல்லாம் வெளிவந்து விளைச்சல் பெருகும். அதைக் கண்டு மகிழ்ந்த தந்தை எருவிடுவதை நிறுத்திவிட்டால், பிள்ளை காலத்தில் பெட்டி காலியாகியிருக்கும். சாவி இருக்கிறது என்பதற்காகப் பெட்டியில் பணம் போடாமல் இருக்கலாமா?

ஆகவே, மலைநாட்டில் தோட்டம் போட்டிருக்கும் நேயர்கள் இவ்வருஷமே மண்ணைப் பரிசோதித்து, அளவறிந்து சுண்ணாம்பு இட்டு, எருவையும் குறைக்காமல் இடட்டும். சமவெளியில் இருப்போர் வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பை அடுத்த வீட்டுச் சுவருக்குத் தானம் செய்துவிட்டு, செடிக்கு ஒரு கூடை மக்கிய எருவை வைக்கட்டும். இரு சாராரும் லாபமடைவார்கள். மல்லிகையும் நிம்மதியாகப் பூக்கும்.